நெட் நிறுத்தப்பட்டால் வெளிநாட்டில் உள்ள உறவுகளோடு பேசுவது எப்படி?

இந்தக் கட்டுரையை நெட் இருக்கும்போதே படித்து, உங்களுக்குப் பொருந்துவதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அரசு தொடர்பை நிறுத்திய பிறகு தேடினால் இதுவும் கிடைக்காது, இதில் சொல்லும் செயலிகளும் கிடைக்காது. பெரும்பாலான வேலைகளுக்குக் காசு செலவில்லை. ஆனால் எல்லாமே முன்கூட்டிச் செய்ய வேண்டியவை. உள்ளே இருப்பவரும் வெளிநாட்டில் இருப்பவரும் ஒரு வீடியோ காலில் உட்கார்ந்து, இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசி முடிவு செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் தயாராக இருந்து பயனில்லை.

1. எது போயிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

"நெட் போச்சு" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னாலும் நிறுத்தத்தில் பல வகை உண்டு. ஒன்றுக்கு உதவுவது மற்றொன்றுக்கு உதவாது. பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

ஃபிளைட் மோடைப் போட்டு எடுங்கள். சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள். டேட்டா முழுக்க நின்ற பிறகும் கோடுகள் நிறைந்தே தெரியும். பிறகு இந்த வரிசையில் பாருங்கள்: பக்கத்து வீட்டு எண்ணுக்கு ஒரு கால். அதே எண்ணுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். மொபைல் டேட்டாவில் ஒரு உள்நாட்டு இணையதளம், ஒரு வெளிநாட்டு இணையதளம். வீட்டு பிராட்பேண்டில் அதே இரண்டும். கடைசியாக வெளிநாட்டு எண்ணுக்கு ஒரு கால்.

இணையதளங்கள் திறக்கின்றன, வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக்கும் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கின்றன என்றால் அது செயலித் தடை. இலங்கையில் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் நடந்தது இதுதான். இதற்கு 6-ஆம் பகுதி. எல்லாமே திறக்கிறது, ஆனால் ஆமை வேகம் என்றால் 2ஜி-க்கு இறக்கியிருக்கிறார்கள். அதற்கும் 6-ஆம் பகுதிதான். உள்நாட்டுத் தளம் திறந்து வெளிநாட்டுத் தளம் எதுவும் திறக்காவிட்டால் நாட்டின் வெளிவாசலை மூடியிருக்கிறார்கள். 2019 நவம்பரில் ஈரானில் நடந்த மாதிரி. இதற்கும் 3, 4, 5-ஆம் பகுதிகளைப் பாருங்கள். டேட்டா முழுக்கப் போய் கால் மட்டும் போகிறது என்றால் 3, 4, 5-ஆம் பகுதிகள். காலும் போகவில்லை, லேண்ட்லைனும் ஊமை என்றால் நேராக 9-ஆம் பகுதிக்குப் போங்கள்.

ஒரு நாள் பார்த்ததோடு விடாதீர்கள். நிறுத்தம் நடுவில் உருமாறும். காலையும் மாலையும் ஒருமுறை இதே வரிசையில் சோதியுங்கள்.

2. எண்கள் தாளில் இருக்கட்டும்

இன்று யாருக்கும் யார் எண்ணும் மனப்பாடம் இல்லை. போன் தொலைந்தாலோ சார்ஜ் இறங்கினாலோ, பக்கத்து வீட்டு லேண்ட்லைன் வேலை செய்தும் உங்களால் யாரையும் அழைக்க முடியாது.

ஒரே தாளில், பெரிய எழுத்தில் எழுதுங்கள்: வெளிநாட்டில் உள்ள இரண்டு பேரின் மொபைல், வீட்டு எண், வேலையிடத்து எண், மின்னஞ்சல், வீட்டு முகவரி. உள்நாட்டிலேயே வேறு ஊரில் உள்ள ஒருவரின் எண். நம்பகமான பக்கத்து வீடு ஒன்றின் லேண்ட்லைன். ஒவ்வொரு எண்ணையும் + குறி, நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள். பெரும்பாலான நாடுகளில் உள்ளூர் எண்ணின் முன்னால் வரும் பூஜ்யத்தை வெளிநாட்டிலிருந்து அழைக்கும்போது விட்டுவிட வேண்டும். தாளில் பூஜ்யத்தோடு எழுதி வைத்து, லைன் கிடைக்கவில்லை என்று நாள்கணக்கில் தவிப்பது வழக்கமாக நடக்கும் தவறு. லேண்ட்லைனில் + குறி கிடையாது. உங்கள் நாட்டின் வெளிநாட்டு அழைப்பு முன்னெண்ணை, பல இடங்களில் அது 00, பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்கு பிரதி போதும். ஒன்று வீட்டுச் சுவரில், ஒன்று பணப்பையில், ஒன்று பக்கத்து வீட்டில். நான்காவதை வெளிநாட்டில் இருப்பவர் கையால் எழுதி வைக்கட்டும். அவர் போனும் தொலையலாம்.

3. மூன்று விதமான லைன் வைத்திருங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள். 2019 ஆகஸ்ட் 5 அன்று காஷ்மீரில் லேண்ட்லைன் உட்பட எல்லாத் தொடர்பும் நிறுத்தப்பட்டது. திரும்பி வந்த வரிசையைப் பாருங்கள்: அதே ஆகஸ்ட் நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக லேண்ட்லைன். அக்டோபர் 14-இல் போஸ்ட்பெய்ட் மொபைல் கால். பிரீபெய்ட் சிம்மில் கால் வந்தது 2020 ஜனவரி 18-இல்தான். வீட்டில் பிரீபெய்ட் மட்டும் வைத்திருந்தவர்கள் ஐந்து மாதத்துக்கு மேல் காத்திருந்தார்கள். எல்லா நாட்டிலும் இதே வரிசை வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் யார் பெயரில், எந்த முகவரியில் என்று முழுதாகப் பதிவான இணைப்பு முதலில் திறக்கப்படுவது இயல்பு.

எனவே ஒரு வீட்டில், அல்லது நெருங்கிய இரண்டு மூன்று வீடுகளுக்குள்ளாவது, ஒரு லேண்ட்லைன், ஒரு போஸ்ட்பெய்ட், வேறு நிறுவனத்தின் ஒரு பிரீபெய்ட் இருக்கட்டும்.

லேண்ட்லைன் வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: செம்புக் கம்பியா, ஃபைபரா? பழைய செம்புக் கம்பி லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வருகிறது. வயர் உள்ள சாதாரணப் போனைச் செருகினால் வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் பேசலாம். ஃபைபரில் வரும் போன் உங்கள் வீட்டு ரௌட்டர் வழியாக ஓடுவது. கரண்ட் போனால் போனும் போகும். பிராட்பேண்டை நிறுத்தினால் அதுவும் சேர்ந்தே நிற்கக்கூடும். கார்ட்லெஸ் போனுக்கும் கரண்ட் வேண்டும், ஆகவே வயர் போன் ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

அடுத்தது ஐ.எஸ்.டி. பல இணைப்புகளில் வெளிநாட்டு அழைப்பு இயல்பாகவே பூட்டப்பட்டிருக்கும். திறக்க விண்ணப்பம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று கேட்பார்கள். போஸ்ட்பெய்டாக இருந்தால் முன்பணமும் கேட்கலாம். சான்றில் உள்ள பெயரும் இணைப்பின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இறந்துபோன தாத்தா பெயரில் இன்னும் லைன் இருந்தால் பெயர் மாற்றத்தில் வாரங்கள் ஓடும். அதை இப்போதே தொடங்குங்கள். திறந்ததும் ஒரு நிமிடமாவது வெளிநாட்டுக்குப் பேசிச் சோதியுங்கள். "ஆக்டிவேட் ஆயிடுச்சு" என்ற வாய்வார்த்தையை நம்பி விட்டுவிடாதீர்கள்.

பிரீபெய்டில் பேலன்ஸ் எப்போதும் ஒரு மாதத்துக்குப் போதுமான அளவு இருக்கட்டும். இன்று ரீசார்ஜ் என்பதே செயலி வழி. நெட் நின்றால் ரீசார்ஜும் நிற்கும். 2024 ஜூலையில் வங்காளதேசத்தில் நெட் நின்றபோது பிரீபெய்ட் மின்மீட்டருக்குக்கூடப் பணம் போட வழியில்லாமல் மக்கள் வரிசையில் நின்றார்கள். சுரண்டும் ரீசார்ஜ் கார்டு கிடைக்கும் இடமானால் இரண்டு வாங்கி வையுங்கள். நட்சத்திரக் குறியில் தொடங்கி ஹேஷ் குறியில் முடியும் குறுங்குறியீடுகளுக்கு டேட்டா தேவையில்லை. கார்டை ஏற்றவும் பேலன்ஸ் பார்க்கவும் அவை போதும். டேட்டா பேக்கில் வரும் இலவச நிமிடங்கள் வெளிநாட்டு அழைப்புக்குச் செல்லாது என்பதையும் மறக்காதீர்கள். அதற்குத் தனிப் பேலன்ஸோ ஐ.எஸ்.டி. பேக்கோ வேண்டும்.

4. வெளியே இருப்பவரே அழைக்கட்டும்

நெட் அவரிடம் இருக்கிறது, ரீசார்ஜ் வசதியும் அவரிடம் இருக்கிறது. எனவே அழைக்கும் பொறுப்பும் அவருடையது. இணையத்திலிருந்து சாதாரணத் தொலைபேசிக்கு அழைக்கும் சேவையில் அவர் முன்கூட்டியே பணம் போட்டு வைக்கட்டும். உங்கள் பக்கம் நெட்டே இல்லாவிட்டாலும் லேண்ட்லைனில் மணி அடிக்கும். பலருக்குப் பழகிய ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. அதை நம்பியிருந்தவர்கள் வைபர் அவுட் போன்ற வேறொன்றில் கணக்கு தொடங்க வேண்டும். கட்டணம் பார்க்கும்போது உங்கள் நாட்டு லேண்ட்லைனுக்கும் மொபைலுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். சில நாடுகளுக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். இது மட்டும் போதாது. இந்த வழி அடைக்கப்பட்டாலும் அவருடைய சாதாரண சிம்மிலிருந்து போடும் ஐ.எஸ்.டி. கால் சில சமயம் நுழைந்துவிடும். இரண்டையும் முயலட்டும்.

நேரம் குறியுங்கள். வாரத்தில் மூன்று நாள், குறிப்பிட்ட மணிக்கு, அரை மணி நேரம். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர் போனருகே இருப்பார், வெளியே இருப்பவர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முயல்வார். நேரத்தை உள்ளே இருப்பவரின் கடிகாரப்படி வையுங்கள். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவார்கள். அந்த வாரத்தில்தான் எல்லோரும் ஒருவரையொருவர் தவறவிடுவார்கள். இரவு வெகு நேரம் கழித்தும் விடியற்காலையிலும் லைன் நெரிசல் குறைவு.

நாடு முழுக்க இல்லாமல் ஒரு வட்டாரத்தில் மட்டும் நிறுத்தியிருந்தால் நடு ஆள் ஒருவர் போதும். நெட் உள்ள வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரருக்கு நீங்கள் சாதாரண உள்நாட்டுக் கால் போடுங்கள். அவர் இன்னொரு போனில் வெளிநாட்டுக்கு வாட்ஸ்அப் கால் போட்டு, இரண்டையும் ஸ்பீக்கரில் வைத்து ஒரு சாண் இடைவெளியில் எதிரெதிராக வைக்கட்டும். ஒட்டி வைத்தால் கீச்சிடும். ஒருவர் முடித்த பிறகே மற்றவர் பேச வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் நன்றாகவே வேலை செய்யும், ஐ.எஸ்.டி. செலவும் மிச்சம்.

மிஸ்டு கால் முறையையும் பேசி வையுங்கள். இரண்டு முறை மணி அடித்துக் கட் செய்தால் "எல்லோரும் நலம்", சிறிது நேரத்தில் மறுபடி வந்தால் "உடனே அழை". இதில் இரண்டு பொறி உண்டு. வெளிநாட்டு போனில் வாய்ஸ்மெயில் எடுத்துவிட்டால் உங்களுக்குக் கட்டணம் விழும். தெரியாத எண்களை ஊமையாக்கும் வசதியோ ஸ்பாம் வடிகட்டியோ போட்டிருந்தால் மணியே அடிக்காது. நாடு தாண்டி வரும் அழைப்பில் உங்கள் எண் மாறியோ மறைந்தோ தெரியவும் கூடும். ஆகவே அவர் வாய்ஸ்மெயிலை அணைத்துவிட்டு, வடிகட்டியை எடுத்துவிட்டு, இப்போதே ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

வெளியே இருப்பவருக்கு ஒன்று: போன் எடுக்கப்பட்டு அந்நியக் குரலோ எந்திரக் குரலோ பேசினால் பெயரோ விவரமோ சொல்லாமல் வைத்துவிடுங்கள். 2025 ஜூனில் ஈரானுக்கு அழைத்த பலருக்கு இப்படித்தான் எந்திரக் குரல் பதில் சொன்னது.

5. எஸ்.எம்.எஸ்.: எழுத்தை எண்ணி எழுதுங்கள்

எஸ்.எம்.எஸ். திறந்திருந்தால் அது பெரிய வரம். லைன் பிஸியாக இருக்கும்போதும் அது காத்திருந்து போய்ச் சேரும். ஆனால் தமிழில் எழுதினால் செலவு இரட்டிப்பாகும். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 160 எழுத்து அடங்கும். தமிழ் எழுத்து ஒன்று நுழைந்தாலும் அளவு 70-ஆகக் குறையும். அதிலும் "மா" என்பது நம் கண்ணுக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு. "அம்மா நலம்" என்ற ஆறெழுத்துச் செய்தி, இடைவெளியையும் சேர்த்துப் பத்து இடம் பிடிக்கும். நீண்டால் துண்டு துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி வெளிநாட்டுக் கட்டணம். எனவே இந்த நாட்களில் மட்டும் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுங்கள். எமோஜி வேண்டாம், ஒரே ஓர் எமோஜி போட்டாலும் முழுச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும்.

ஒவ்வொரு செய்தியின் தொடக்கத்திலும் வரிசை எண், தேதி, நேரம் போடுங்கள். தேங்கிய செய்திகள் பல நாள் கழித்து மொத்தமாக, வரிசை குலைந்து வந்து சேரும். மூன்று நாள் பழைய "ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்ற செய்தி "வீட்டுக்கு வந்துட்டோம்" என்பதற்குப் பிறகு வந்தால் அங்கே இருப்பவருக்கு உயிர் போய் உயிர் வரும். வரிசை எண் இருந்தால் எது விடுபட்டது என்றும் தெரியும்.

ரகசியக் குறியீடு வைக்க ஆசை வரும். எண்களும் புதிர்களுமாக அனுப்பினால் வீண் சந்தேகம்தான் வரும். சாதாரண வாக்கியமே போதும். சாதாரணக் காலும் எஸ்.எம்.எஸ்.ஸும் பிறர் காதில் விழக்கூடியவை என்ற நினைப்போடு குடும்ப விஷயம் மட்டும் பேசுங்கள்.

6. செயலித் தடையும் 2ஜி வேகமும்

செயலிகள் மட்டும் முடக்கப்பட்டிருந்தால் வி.பி.என்., அதாவது உங்கள் தொடர்பை வேறு நாட்டு சர்வர் வழியே சுற்றி அனுப்பும் செயலி, உதவும். டேட்டாவே இல்லையென்றால் உதவாது; குழாயில் தண்ணீரே வராதபோது எந்தக் குடத்தை வைத்தால் என்ன?

ஒன்று போதாது, ஒன்றை முடக்கினால் அடுத்தது வேண்டும். வெவ்வேறு நுட்பத்தில் ஓடும் இரண்டு மூன்றை இப்போதே நிறுவி, ஒருமுறை திறந்து இயக்கிப் பாருங்கள்: சைஃபன், புரோட்டான் வி.பி.என்., தடையைத் தாண்ட உதவும் ஸ்னோஃப்ளேக் வசதியோடு டோர் உலாவி. ஆண்ட்ராய்டு போன் என்றால் நிறுவும் கோப்பையும் சேமித்து வைத்து, பிறகு புளூடூத் வழியே வீட்டில் மற்றவர் ஆண்ட்ராய்டு போனுக்கும் தரலாம். விளம்பரத்தில் வரும் பெயர் தெரியாத இலவச வி.பி.என்.களைத் தொடாதீர்கள், உங்கள் தகவலை விற்றுப் பிழைப்பவை அவற்றில் நிறைய. வாட்ஸ்அப்பில் 2023 முதல், சிக்னலிலும் டெலிகிராமிலும்கூட, பிராக்ஸி (தடையைச் சுற்றிப் போக உதவும் இடைவழி சர்வர்) முகவரி கொடுக்கும் இடம் அமைப்புகளில் இருக்கிறது. வெளிநாட்டில் உள்ளவர் ஒரு பிராக்ஸி முகவரியை எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்பினால் போதும்.

சட்டத்தைப் பாருங்கள். சில நாடுகளில் வி.பி.என். பயன்பாட்டுக்கே கட்டுப்பாடு உண்டு. தடை இருந்த நாட்களில் வி.பி.என். வழியாகச் சமூக ஊடகத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக 2020 பிப்ரவரியில் காஷ்மீரில் போலீஸ் வழக்குப் பதிந்தது. நலம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

2ஜி வேகத்தில் வீடியோ காலுக்கு ஆசைப்படாதீர்கள், குரல் காலும் உடையும். குரல் பதிவு போகும். செயலிகள் தானாகப் புதுப்பிப்பதையும், புகைப்படம் கிளவுட் கணக்குக்கு ஏறுவதையும், வாட்ஸ்அப் படங்களைத் தானாக இறக்குவதையும் அணையுங்கள். இருக்கும் சொட்டு டேட்டாவை இவைதான் உறிஞ்சும். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு முயன்றால் அதே 2ஜி கொஞ்சம் நடக்கும்.

வாட்ஸ்அப்பில் மூன்று கெடுக்களை நினைவில் வையுங்கள். போனில் வாட்ஸ்அப்பைத் திறக்காமல் 14 நாள் போனால் கணினியில் இணைத்த வாட்ஸ்அப் துண்டிக்கப்படும். சேராத செய்தி சர்வரில் 30 நாள்தான் இருக்கும், பிறகு அழியும். 120 நாள் பயன்படுத்தாத கணக்கு நீக்கப்படும். 2019 டிசம்பரில் காஷ்மீர்க்காரர்கள் குழுக்களிலிருந்து ஒவ்வொருவராக வெளியேறியதாகக் காட்டியது இதனால்தான், அவர்களில் யாரும் தாமாக வெளியேறவில்லை. எனவே முக்கியமான செய்தியை 30 நாளுக்கு ஒருமுறை மறுபடி அனுப்புங்கள். நிறுத்த நாட்களில் செயலியை அழித்து மீண்டும் நிறுவவே கூடாது. சரிபார்ப்பு எஸ்.எம்.எஸ். வராமல் போனால் கணக்குக்குள் நுழைய முடியாது.

7. வெளிநாட்டு சிம், சாட்டிலைட்

வெளிநாட்டு சிம்மை ரோமிங்கில் பயன்படுத்தினால் டேட்டா பெரும்பாலும் அந்த சிம்மின் சொந்த நாட்டு வழியாகவே போகும். அதனால் செயலித் தடை அதைத் தொடாது. ஆனால் டவரிலேயே டேட்டாவை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். எல்லையோரம் வசிப்பவர்களுக்கு மட்டும் இன்னொரு பயன் உண்டு: பக்கத்து நாட்டு டவர் எட்டினால் உயரமான இடத்தில் நின்று நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துப் பேசலாம். 2021-இல் மியான்மரில் தாய்லாந்து சிம்கள் இப்படி ஓடின. 2023 இறுதியில் காஸாவில் இசிம்களும் (அட்டை இல்லாமல் நெட் வழியே போனில் ஏற்றும் சிம்) இதே வழியில்தான் உதவின. இசிம்மை ஏற்றவே நெட் வேண்டும், கடைசி நேரத்தில் முடியாது. உங்கள் போன் இசிம் ஏற்குமா, நிறுவனப் பூட்டு இல்லாததா என்று பாருங்கள். செல்லுபடிக் காலம் ஏற்றிய நாளிலிருந்தா, முதலில் இணைந்த நாளிலிருந்தா என்றும் வாங்குமுன் கேளுங்கள்.

சாட்டிலைட் போன் பல நாடுகளில் உரிமம் இல்லாமல் வைத்திருந்தாலே குற்றம்; இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். பரிந்துரைக்கமாட்டேன். வெளியே இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: +8816, +88216, +870 என்று தொடங்கும் எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தால் அது சாட்டிலைட் எண். யோசிக்காமல் திருப்பி அழைத்தால் நிமிடத்துக்கு எக்கச்சக்கமாகக் கட்டணம் வரும்.

பிரையர் போன்ற புளூடூத் செயலிகள் சில பத்து மீட்டர்தான் எட்டும். கடல் தாண்டாது. நெட் உள்ள இடத்துக்குப் போகிறவர் கையில் செய்தியைச் சேர்க்க மட்டும் பயன்படும்.

8. பணம், ஓ.டி.பி., கெடு தேதிகள்

வெளிநாட்டிலிருந்து வரும் பணம் ஏஜெண்டின் கணினியில் நெட் இருந்தால்தான் கைக்கு வரும். கலவரச் செய்தி வரத் தொடங்கியதுமே அனுப்பச் சொல்லுங்கள், நின்ற பிறகு அல்ல. ஒரு மாதச் செலவுக்கு ரொக்கம், அதுவும் சில்லறை நோட்டுகளாக வையுங்கள்.

எஸ்.எம்.எஸ். நின்றால் ஓ.டி.பி.யும் நிற்கும். வங்கி, மின்னஞ்சல், விசா விண்ணப்பம் எல்லாம் அதோடு முடங்கும். கூகுள் கணக்கில் பத்து மாற்றுக் குறியீடுகள் தருவார்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், அச்செடுத்து வையுங்கள். நம்பும் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அதில் இரண்டை அவரிடமும் கொடுங்கள். விசா, கல்லூரிச் சேர்க்கை, தேர்வுப் பதிவு நடந்துகொண்டிருந்தால் விண்ணப்ப எண், கெடு தேதி, கடவுச்சீட்டின் முதல் பக்கம், கட்டண ரசீது ஆகியவற்றின் நகல் அவர் கையிலும் இருக்கட்டும். "என் சார்பில் இவர் தொடர்புகொள்ளலாம்" என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்றை இப்போதே அனுப்பி வைத்தால், நெட் இல்லாத நாளிலும் அவர் அலுவலகத்துக்கு எழுதித் தவணை கேட்க முடியும். சொத்து, வங்கி வேலைகளுக்கு வெறும் கடிதம் செல்லாது, பவர் பத்திரம் வேண்டும்; அதன் சான்றளிப்புக்கு வாரங்கள் ஆகும்.

9. ஒன்றுமே இல்லாதபோது

காஷ்மீரில் நிறுத்தம் நீண்டபோது மக்கள் ரயிலேறிப் பள்ளத்தாக்குக்கு வெளியே உள்ள பனிஹால் போய், அங்குள்ள நெட் கடைகளில் வரிசையில் நின்று விண்ணப்பம் நிரப்பினார்கள். உங்கள் பகுதிக்கு வெளியே நெட் உள்ள மிக அருகிலான ஊர் எது, எப்படிப் போவது என்று இப்போதே குறித்து வையுங்கள். போகிறவரிடம் நான்கு வீட்டுச் செய்தியையும் கொடுத்தனுப்புங்கள். தாளில் எழுதிய செய்தியை அவர் படமெடுத்து அனுப்பலாம். பதிலையும் அதே வழியில் வாங்கி வரட்டும். அதற்காக அங்கே ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொல்லுங்கள். மாவட்ட நிர்வாக அலுவலகத்திலும் விசாரியுங்கள், சில நிறுத்தங்களில் அங்கேயே பொதுமக்கள் பேசப் போன் வைத்தார்கள்.

போரும் மோதலும் உள்ள இடமென்றால் செஞ்சிலுவைச் சங்கத்தின் குடும்பத் தொடர்புச் சேவை இருக்கிறது. கட்டணம் கிடையாது. திறந்த கடிதமாகப் போகும். குடும்பச் செய்தி தவிர வேறெதுவும் எழுதக்கூடாது, இடையில் படித்துப் பார்ப்பார்கள். பெறுபவரின் முழுப்பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, கடைசியாகத் தெரிந்த முகவரி, பக்கத்து அடையாளம் வேண்டும். ஊரில் கூப்பிடும் பெயரையும் எழுதுங்கள், தேடுபவர்களுக்கு அது பெரிதும் உதவும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். வெளிநாட்டில் இருப்பவர் அந்நாட்டுச் செஞ்சிலுவை அல்லது செம்பிறைச் சங்கத்தில் தேடல் மனு கொடுக்கலாம். தொடர்பு வேறு வழியில் கிடைத்துவிட்டால் மனுவை மூடச் சொல்லுங்கள்.

10. நெட் திரும்பி வந்த அன்று

எல்லோரும் ஒரே நேரத்தில் வீடியோ கால் போடுவார்கள், எதுவும் போகாது. முதலில் ஒரே ஒரு வரிச் செய்தி அனுப்புங்கள்: யார் யார் நலம், அடுத்து எப்போது பேசலாம். நெட் மறுபடி நிற்கவும் கூடும் என்பதால் அடுத்த வேலை ரீசார்ஜ், மூன்றாவது கெடு தேதி உள்ள விண்ணப்பங்கள். தாளில் உள்ள எண்களில் மாறியதைத் திருத்தி, நான்கு பிரதிகளையும் மாற்றுங்கள். கதை பேச ராத்திரி இருக்கிறது.